ஒலி சொல்லும் பழுது

நுழையும்முன்

கருவி ஒன்று பழுதுறும்போது எழும் ஒலி பெரும்பாலும் தொல்லையாகவே கருதப்படுகிறது. அவ்வொலி எப்போது எழுகிறது, எத்திசையில் எழுகிறது, எவ்விடத்தில் எழுகிறது என்று கவனித்தால் பழுதின் காரணத்தை அறியலாம். பழைய வாகனங்களின் முன்கண்ணாடியில் அதிர்ந்து ஒலிக்கும் துடைப்பானைச் சான்றாகக்கொண்டு இதனை விளக்குகிறது இப்பாடம்.

மழையும் நெடுஞ்சாலையும்

வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையே பாலாற்றங்கரையில் அமைந்துள்ள ஊர் பள்ளிகொண்டா. உத்தர ரங்கநாதர் கோயிலால் பெயர்பெற்ற இவ்வூரின் வழியே சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை செல்கிறது. இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் செழித்துள்ள தோல் தொழிலுக்கு உயிர்நாடி இச்சாலையே. பதனிட்ட தோலையும் காலணிகளையும் ஏற்றிய சரக்குந்துகள், தொழிலாளர்களை ஏற்றிய வேன்கள், 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் போன்ற பழைய மகிழுந்துகள் எனப் பலவகை வாகனங்களும் பள்ளிகொண்டாவின் சுங்கச்சாவடியைக் கடந்து செல்கின்றன.

ஆண்டின் பெரும்பகுதி வெயிலில் காயும் இப்பகுதி, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையில் நனைகிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் பாய்ந்ததை இம்மாவட்ட மக்கள் கண்டனர். அத்தகைய மழையிரவில், எதிர்வரும் வாகனங்களின் விளக்கொளி நனைந்த கண்ணாடியில் சிதறிக் கண்ணைக் கூசச்செய்யும். அப்போது ஓட்டுநரின் பார்வையைக் காப்பது, ‘வைப்பர்’ என மக்கள் வழங்கும் கண்ணாடித் துடைப்பான்தான்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம், ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் தொலைவைக் கடக்கிறது. துடைப்பான் அதிர்ந்து தாவுவதால் 3 நொடிகள் பார்வை மறைந்தால், 50 மீட்டர் தொலைவை ஓட்டுநர் காணாமலேயே கடக்க நேரிடும். சாலையைக் கடப்பவர் ஒருவரின் உயிர் அந்த 50 மீட்டருக்குள் இருக்கக்கூடும். ஆதலால், துடைப்பானின் ஒலி காதுக்குத் தொல்லை என்பதோடு முடிவதன்று.

துடைப்பானின் தோற்றம்

அமெரிக்காவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்னும் பெண்மணி, பனிக்காலத்தில் நியூயார்க் நகருக்குச் சென்றிருந்தார். அங்கு டிராம் வண்டியின் ஓட்டுநர், கண்ணாடியில் படியும் பனியால் பார்வை மறைந்து இடர்ப்படுவதைக் கண்டார். வண்டிக்குள் இருந்தபடியே கைப்பிடியால் இயக்கத்தக்க, ரப்பர் விளிம்புடைய துடைப்பானை அவர் வடிவமைத்தார். 1903-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். பின்னாளில் துடைப்பான்கள் மின்மோட்டாரால் இயங்கத் தொடங்கின.

தூறல் மழையில் துடைப்பான் இடைவிடாது இயங்கினால், போதிய நீரில்லாத கண்ணாடியில் ரப்பர் உரசும். இச்சிக்கலுக்கு 1960-களில் தீர்வு கண்டவர் ராபர்ட் கியர்ன்ஸ் என்னும் பொறியாளர். மனிதக் கண் இடைவிட்டு இமைப்பதை எண்ணிப் பார்த்த அவர், இடைவெளிவிட்டு இயங்கும் துடைப்பானை உருவாக்கினார். பழைய வாகனங்கள் பலவற்றில் இவ்வசதி இல்லை. அவ்வாகனங்களின் துடைப்பான்கள் தூறலில் மிகுதியாக ஒலிப்பதற்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்று.

ஒட்டலும் வழுக்கலும்

ஒலி எவ்வாறு பிறக்கிறது? ஓய்விலுள்ள பொருளை நகர்த்தத் தொடங்குவதற்குத் தேவைப்படும் விசை, நகரும் பொருளைத் தொடர்ந்து நகர்த்தத் தேவைப்படும் விசையைவிட மிகுதி. முன்னதை எதிர்ப்பது ஓய்வுநிலை உராய்வு. பின்னதை எதிர்ப்பது இயக்க உராய்வு. கண்ணாடியில் ரப்பர் விளிம்பு ஒரு கணம் ஒட்டிக்கொள்கிறது. துடைப்பானின் கை அதனைத் தொடர்ந்து இழுக்க, விளிம்பு வளைந்து விசையைச் சேமிக்கிறது. அவ்விசை ஓய்வுநிலை உராய்வை மீறியதும் விளிம்பு விடுபட்டுத் தாவுகிறது, மீண்டும் ஒட்டுகிறது, மீண்டும் தாவுகிறது. இவ்வாறு ஒட்டலும் வழுக்கலும் மாறிமாறி நிகழ்வதே அதிர்வு. அது மெதுவாக நிகழ்ந்தால் ‘கடகட’வெனத் தட்டும் ஒலியாகவும், விரைவாக நிகழ்ந்தால் ‘கிறீச்’சென்னும் ஒலியாகவும் கேட்கிறது.

வயலின் இசையும் இதே நிகழ்வால்தான் பிறக்கிறது. கலைஞர் தம் வில்லில் பிசின் தேய்த்து, அதன் இழைகள் தந்தியைப் பற்றி விடுமாறு செய்கிறார். அங்கு வேண்டிப் பெறும் ஒட்டல், இங்கு வேண்டாத கேடாகிறது. கண்ணாடியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கும் மரப்பிசினும், வயலின் வில்லில் பிசின் செய்யும் வேலையையே செய்கின்றன.

பெருமழையில் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் இடையே நிற்கும் நீர்ப்படலம் உராய்வைக் குறைக்கிறது. கண்ணாடி பாதி காய்ந்த நிலையில் உராய்வு பெரிதும் உயர்கிறது. ஆகவே, பெருமழையில் அமைதியாக இயங்கும் துடைப்பான், மழை ஓயும் வேளையில் கதறுவது வியப்பன்று.

தோலும் ரப்பரும்

ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் தோலைப் பதனிடும் மரபு தமிழகத்தில் நெடுங்காலமாக உண்டு. பதனிட்ட தோல் காய்ந்து விறைக்காமலிருக்க அதற்கு எண்ணெய் ஊட்டுவர். தோலை அறிந்த கைகள், விறைத்துப்போன ரப்பருக்கும் எண்ணெய் தடவ விரைவது இயல்பே. ஆயின், தோலுக்கு நன்மை செய்யும் எண்ணெய் ரப்பருக்குத் தீங்கு செய்கிறது. தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், டீசல் ஆகியவை இயற்கை ரப்பரை ஊறி உப்பச்செய்து வலுவிழக்கச் செய்யும். அவை கண்ணாடியிலும் பரவி, எதிரொளி பட்டதும் பார்வையை மங்கலாக்கும். எண்ணெய் தடவிய நாளில் ஒலி அடங்கலாம், பழுது அடங்குவதில்லை.

ரப்பர் விறைப்பதற்கு வெயிலே முதன்மைக் காரணம். கத்திரி வெயிலில் வேலூர்ப் பகுதியின் வெப்பநிலை 40 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது. கதிரவனின் புறஊதாக் கதிர்களும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரின் மூலக்கூறுப் பிணைப்புகளைச் சிதைக்கின்றன. விளிம்பு கடினமாகி வெடிக்கிறது. மேலும், மாதக்கணக்கில் ஒரே நிலையில் கண்ணாடியின்மீது அழுந்திக் கிடக்கும் ரப்பர், அப்பக்கமாகவே நிலையாக வளைந்துவிடுகிறது. முதல் மழையன்று துடைப்பானை இயக்கும் ஓட்டுநர் கேட்பது, கோடை முழுவதும் சேர்ந்த பழுதின் ஒலியாகும்.

நீர் விட்ட கறை

தோல் பதனிடும் தொழிலின் கழிவுநீர், பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைப் பல இடங்களில் உவராக்கியது. இதனை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு விளைவிப்பவரே அதற்கான இழப்பீட்டை ஏற்கவேண்டும் என்னும் நெறியை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்புகளுள் அது குறிப்பிடத்தக்கது.

உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரால் வாகனத்தைக் கழுவி வெயிலில் காயவிட்டால், நீர் ஆவியாகி உப்பு மட்டும் கண்ணாடியில் வெண்புள்ளிகளாகத் தங்குகிறது. நாளடைவில் அக்கறை தடித்துச் சொரசொரப்பாகிறது. புதிய ரப்பரை மாட்டியும் ஒலி தீரவில்லை என்றால், கண்ணாடியை விரல்நுனியால் தடவிப் பார்க்கவேண்டும். ஒரு மண்ணின் நீருக்கு நேர்ந்த கேடு, அம்மண்ணில் ஓடும் வாகனத்தின் கண்ணாடியிலும் தடம் பதிக்கிறது.

ஒலியைக் கேட்டுப் பழுதறிதல்

பழுதை அறியாமல் பாகங்களை மாற்றுவது பொருளிழப்பையே தரும். கண்ணாடியை நன்கு நனைத்துத் துடைப்பானை இயக்கி, பின்வருவனவற்றைக் கவனிக்கவேண்டும்.

போகும்போதும் திரும்பும்போதும் ஒலி எழுந்தால், கண்ணாடியில் பிசுக்கோ கறையோ படிந்திருக்கலாம்; அல்லது ரப்பர் விறைத்திருக்கலாம்.

ஒரு திசையில் மட்டும் ஒலி எழுந்தால், ரப்பர் ஒருபக்கமாக வளைந்து நின்றுவிட்டது அல்லது துடைப்பானின் கை முறுக்கிக்கொண்டது எனக் கருதலாம். நல்ல நிலையிலுள்ள ரப்பர் விளிம்பு, செல்லும் திசைக்குப் பின்னே சாய்ந்து இழுபட்டு வரும். திரும்பும் கணத்தில் மறுபக்கம் சாயும். அவ்வாறு சாய இயலாதபோது, அது கண்ணாடியை எதிர்த்துக் குத்தித் தாவுகிறது.

ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ஒலி எழுந்தால், அவ்விடத்துக் கண்ணாடியை ஆராயவேண்டும். கீறலோ மரப்பிசினோ அங்கிருக்கக்கூடும்.

வீச்சின் இரு முனைகளிலும் ‘டக்’கென உரத்த ஒலி கேட்டால், மோட்டாரையும் கைகளையும் இணைக்கும் தண்டுகளின் புஷ்கள் தேய்ந்திருக்கலாம். திரும்பும்போது எழும் மெல்லிய தட்டொலி இயல்பானதே.

சீரமைக்கும் முறை

செலவில்லாத வேலையிலிருந்து செலவுள்ள வேலைக்குச் செல்வதே முறை.

முதலாவதாக, சோப்புக் கரைசலால் கண்ணாடியைக் கழுவவேண்டும். வெண்கறை நீங்காவிடில், நீர் கலந்த வினிகரில் நனைத்த துணியைச் சில நிமிடங்கள் அதன்மேல் வைத்திருந்து துடைக்கலாம். சுண்ணாம்புப் படிவை அமிலம் கரைக்கும். இறுதியாக, சேமித்த மழைநீர் போன்ற நல்ல நீரால் அலசவேண்டும். மணலும் புழுதியும் படிந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்த்தல் கூடாது, கீறல் விழும்.

இரண்டாவதாக, ஈரத்துணியால் ரப்பர் விளிம்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை துடைக்கவேண்டும். துணியில் கருமை படிவது நின்றதும் நிறுத்தலாம். உப்புத்தாளால் விளிம்பைத் தேய்ப்பது தவறு. கூரிய விளிம்பு மழுங்கிவிடும்.

மூன்றாவதாக, ரப்பரை விரலால் மெல்லச் சாய்த்து விடவேண்டும். அது நிமிர்ந்து பழைய நிலைக்கு வராவிட்டாலும், வெடிப்புகள் தென்பட்டாலும் மாற்றுவதே வழி. பழைய உலோகச் சட்டம் துருப்பிடிக்காமல் நன்றாக அசைந்தால், ரப்பரை மட்டும் அதே நீளத்தில் மாற்றலாம்.

நான்காவதாக, ஒலி இன்னும் ஒரு திசையில் நீடித்தால் கையின் கோணத்தைச் சரிபார்க்கவேண்டும். முதலில் கண்ணாடியின்மேல் தடித்த துணியை விரிக்கவேண்டும். பிளேடு கழற்றிய கை ஸ்பிரிங் விசையால் அறைந்தால் கண்ணாடி உடையக்கூடும். கையின் முனைப்பகுதி கண்ணாடிக்கு இணையாக உள்ளதா எனப் பக்கவாட்டில் குனிந்து நோக்கவேண்டும். முறுக்கியிருந்தால், கையைக் கண்ணாடியிலிருந்து தூக்கி, ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்து, மற்றொன்றால் முனையைச் சிறிதளவே திருப்பவேண்டும். ஒவ்வொரு திருப்பத்திற்குப் பின்னும் பிளேடை மாட்டி, நீர் தெளித்து இயக்கிப் பார்க்கவேண்டும். பெரிய திருப்பம், ஒரு திசையின் ஒலியை மறுதிசைக்கு மாற்றிவிடும்.

ஐந்தாவதாக, கையை அழுத்தும் ஸ்பிரிங்கை நோக்கவேண்டும். அது தளர்ந்திருந்தால் வேகத்தில் காற்று பிளேடைத் தூக்கிவிடும். கை மடங்கும் மூட்டில் துரு இருந்தால், அங்கு மட்டும் ஒரு துளி எண்ணெய் விடலாம். தேய்ந்த புஷ்களை மாற்றுவதைப் பட்டறையில் தேர்ந்த பணியாளரிடம் ஒப்படைப்பதே நன்று.

சீர்செய்த பின்னரும் தூறலில் பழைய துடைப்பானை இடைவிடாது இயக்கலாகாது. கண்ணாடி நனைந்ததும் இயக்கி, தெளிந்ததும் நிறுத்தவேண்டும். கியர்ன்ஸின் கருவி செய்யும் பணியை இங்கு ஓட்டுநரின் கை செய்கிறது.

நிறைவாக

ஒலி எழுப்பும் துடைப்பானுக்கு எண்ணெய் தடவுவது, அதன் வாயை அடைப்பதற்கு ஒப்பானது. வெயில் விறைக்கச் செய்த ரப்பர், உவர்நீர் விட்ட கறை, முறுக்கிய கை என ஒவ்வொன்றும் தனித்தனி ஒலியால் தன்னை வெளிப்படுத்துகிறது. அதனைப் பொறுமையுடன் கேட்டு, காரணத்தைத் தேடி, சிறிய வேலையில் தொடங்கிப் படிப்படியாகச் செல்பவர் பொருளையும் மிச்சப்படுத்துகிறார். மழையிரவில் சாலையைக் கடக்கும் முகமறியாத ஒருவரின் உயிரையும் காக்கிறார்.

கற்பவை கற்றபின்...

1. வீட்டிலோ பள்ளியிலோ ஒலி எழுப்பும் கருவி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அவ்வொலி எழும் நேரம், இடம், திசை ஆகியவற்றைக் குறித்து, அதன் காரணத்தை ஊகித்து எழுதுக.

2. ‘தோலுக்கு நன்மை செய்யும் எண்ணெய் ரப்பருக்குத் தீங்கு செய்கிறது’ – இக்கருத்தை விளக்கி, ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்குக் கேடாகும் வேறு சான்றுகளை வகுப்பில் கலந்துரையாடுக.

3. உங்கள் ஊரிலுள்ள வாகனப் பட்டறைக்குச் சென்று, அங்கு வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுத்து, அவற்றுக்கு இணையான தமிழ்ச்சொற்களைப் பட்டியலிடுக.