அன்னப் பார்ப்பும் வைக்கோற்கன்றும்

சீவக சிந்தாமணியைக் கூடியிருந்து படிப்பது நம்மவர் இல்லங்களில் நெடுநாள் நிலவிய வழக்கம். ஒருவர் செய்யுளைப் படிக்க, மற்றொருவர் பொருள் கூற, வீட்டுப் பெண்டிரும் பிள்ளைகளும் சுற்றியமர்ந்து கேட்பர். கும்பகோணத்துச் சமண இல்லங்களில் சிந்தாமணி இவ்வாறு படிக்கப்பெற்றதையும், தமக்கேற்பட்ட ஐயங்களை அங்கிருந்த பெரியோர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் டாக்டர் உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் நன்றியோடு எழுதியுள்ளார். 1887ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய சிந்தாமணிப் பதிப்பின் பின்னே நம் முன்னோரின் கூட்டுப் படிப்பும் இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகள் அறியார்.

அவ்வழக்கத்தைச் சிறிய அளவிலேனும் மீண்டும் தொடங்கலாமே என்னும் எண்ணத்தோடு, சென்ற கோடை விடுமுறையில் எங்கள் ஊர் ஜினாலயத்தின் முன்மண்டபத்தில் பதினொரு பிள்ளைகளை வட்டமாக அமர்த்தினேன். ஏழாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பயில்பவர்கள். சென்னையிலிருந்து பாட்டி வீட்டிற்கு வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். எடுத்துக்கொண்ட பொருள், விலங்குகளின் மனம். அதனைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அகிம்சை என்றால் என்ன என்று கேட்டால் ஒரே மூச்சில் விடை ஒப்பிக்கும் பிள்ளை, மணி அடித்தவுடன் வெளியே ஓடி ஓணான் மீது கல்லெறிவதை என் பணிக்காலத்தில் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். விடை மனப்பாடம், ஓணான் வேறு.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் மாணவிகளுக்குப் பாடக்குறிப்பு எழுதக் கற்பித்த நாள்களில் நான் கையாண்ட முறை ஒன்றை இப்பிள்ளைகளுக்கும் வைத்தேன். ஆளுக்கொரு குறிப்பேடு. அதன் இடப்பக்கத்தில் கண்டதை மட்டும் எழுத வேண்டும். வலப்பக்கத்தில் அதைப் பற்றி எண்ணியதை எழுத வேண்டும். ‘நாய் வாலைப் பின்னங்கால்களுக்கிடையே ஒடுக்கிக்கொண்டது’ என்பது இடப்பக்கம். ‘நாய் அஞ்சியது’ என்பது வலப்பக்கம். இது எளிதாகத் தோன்றும், எளிதன்று. முதல் வாரம் எல்லாரும் வலப்பக்கத்தையே நிரப்பிக்கொண்டு வந்தனர். பெரியவர்களாகிய நாமும் அப்படித்தானே!

சிந்தாமணியிலிருந்து மூன்று நிகழ்ச்சிகளை எடுத்துக்கொண்டோம். முதலாவது, அந்தணர் உணவில் வாய் வைத்தமைக்காக அடியுண்டு உயிர் துறக்கும் நாய்க்குச் சீவகன் பஞ்ச மந்திரத்தை ஓதும் இடம். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து பின்னர்ச் சீவகனுக்கு உற்றுழி உதவுவதைப் பிள்ளைகள் முன்பே கேட்டிருந்தனர். ஆதலின் அதனை விரைந்து கடந்தோம்.

இரண்டாவது, முத்தியிலம்பகத்தில் வரும் குரங்குகளின் காட்சி. வேறொரு மந்தியோடு கூடிய கடுவன்மீது அதன் துணை ஊடுகிறது. கடுவன் அதன் ஊடலைத் தணித்துப் பலாப்பழத்தைக் கொணர்ந்து தருகிறது. அவ்வேளையில் தோட்டங்காப்போன் வந்து குரங்குகளை விரட்டிப் பழத்தைப் பறித்துக்கொள்கிறான். பொறாமை, சினம், சமாதானம், கொடை, இழப்பு ஆகிய அத்தனையும் சில பாடல்களுக்குள் விலங்குகளின்மேல் வைத்துக் காட்டப்பட்டுள்ளன. இங்கே பிள்ளைகளை ஒரு நாள் முழுவதும் நிறுத்தினேன். காரணம், சீவகன் அதைக் கண்டு ‘ஐயோ பாவம், குரங்கு’ என்று கூறிவிட்டுப் போகவில்லை. பழத்தை இழந்த குரங்கு கட்டியங்காரனை ஒக்கும், பறித்துக்கொண்டவன் என்னை ஒப்பான் என்று எண்ணுகிறான். தன் அரசுரிமையை மீட்ட வீரன், தன்னைத் தோட்டங்காப்போனாகக் காண்கிறான்! துறவுக்கு அதுவே வாயிலாகிறது. “நானாக இருந்தால் என்னைக் குரங்காகத்தான் நினைத்திருப்பேன், டீச்சர்” என்றான் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன். அவ்வாறு கூறத் தெரிந்தவனுக்குக் காப்பியம் புரிந்துவிட்டது என்றே கொண்டேன்.

மூன்றாவது, அன்னப் பார்ப்பு. சீவகன் முற்பிறவியில் அசோதரன் என்னும் அரசகுமாரனாய் இருந்தபோது, தாமரைப் பொய்கையிலிருந்த அன்னக் குஞ்சு ஒன்றைப் பிடித்து வந்து வளர்த்தான். அடித்தானில்லை, பட்டினி போட்டானில்லை, அன்போடுதான் வைத்திருந்தான். தந்தை அது தீவினை என உணர்த்தக் கேட்டு அதனை விடுவித்தும் விட்டான். ஆயினும், குஞ்சைத் தாய் தந்தையரிடமிருந்தும் அதன் சுற்றத்தினின்றும் பிரித்த வினையால், இப்பிறவியில் தன் சுற்றத்தைப் பிரிந்து துயருற நேர்ந்தது என்று சாரண முனிவர் கூறுகிறார். இக்கதையைக் கேட்டபோது பிள்ளைகள் அதிகம் பேசவில்லை. கூண்டுக்கிளி வளர்க்கும் உறவினர் ஒருவரைப் பற்றி மட்டும் யாரோ முணுமுணுத்தனர்.

பழைய நூலோடு புதிய செய்தியையும் சேர்த்துப் படிப்பது என் வழக்கம். விலங்குக்கு உணர்ச்சி உண்டு என்னும் கருத்து மேனாட்டு அறிவியலார் அவையில் இடம்பெற நெடுங்காலம் ஆயிற்று. மனிதரிடத்தும் விலங்குகளிடத்தும் உணர்ச்சிகள் வெளிப்படும் வகையைப் பற்றி 1872இல் சார்லஸ் டார்வின் தனி நூலே எழுதினார். எனினும் பின்வந்தோர் பலர், விலங்கின் மனத்தைப் பற்றிப் பேசுவதே அறிவியலாகாது என ஒதுக்கினர். 1960இல் இன்றைய தான்சானியாவிலுள்ள கோம்பே காட்டுக்குச் சென்ற ஜேன் குடால் அம்மையார், தாம் கண்ட சிம்பன்சிகளுக்கு எண் இடாமல் பெயரிட்டதே குறையாகப் பேசப்பட்டது. அவர் பதிவு செய்தவற்றுள் ஒன்றைப் பிள்ளைகளுக்குக் கூறினேன். 1972இல் புளோ என்னும் முதிய தாய் இறந்தது. எட்டு வயது கடந்த அதன் மகன் பிளின்ட், உணவில் நாட்டமின்றி ஒடுங்கி, ஒரு மாதத்திற்குள் தானும் இறந்துபோயிற்று. 2012இல் கேம்பிரிட்ஜில் கூடிய நரம்பியல் அறிஞர்கள், உணர்வுநிலைக்கு அடிப்படையான நரம்பமைப்பு மனிதருக்கு மட்டும் உரியதன்று, பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் உண்டு என்று அறிக்கை வெளியிட்டனர்.

எலிகளைப் பற்றிய ஆய்வு ஒன்றையும் கூறினேன். 2011இல் சிகாகோ பல்கலைக்கழகத்தார் ஓர் எலியைக் குழாயினுள் அடைத்து, மற்றோர் எலியை வெளியே விட்டனர். வெளியிலிருந்த எலி கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டு மற்றதை விடுவித்தது. வேறொரு குழாயில் சாக்லெட் வைத்தபோதும், இரண்டையும் திறந்து, விடுபட்ட எலிக்கும் பங்கு விட்டுவைத்தது. பிள்ளைகள் மகிழ்ந்தனர். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் மட்டும், “எலிக்கு இரக்கம் இருக்கிறதா என்று பார்க்க எலியை அடைத்தவர்களுக்கு அது இருந்ததா?” என்று கேட்டான். மண்டபமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

நம் ஆகமம் இவ்விஷயத்தில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. உலகியல் உயிர்களுக்கு ஓரறிவுயிர் முதலாகவே ஆகாரம், பயம், மைதுனம், பரிக்கிரகம் என்னும் நான்கு சஞ்ஞைகள் கூறப்பட்டுள்ளன. ஐயறிவுடைய விலங்குகளுள் மனமுடையவை சஞ்ஞி எனப்படும். அவை நற்காட்சி எய்தவும் அணுவிரதம் ஏற்கவும் வல்லன. மகாவீர பகவான் முற்பிறவியொன்றில் சிங்கமாயிருந்து, சாரண முனிவர் இருவர் உரைத்த அறங்கேட்டுக் கொலையை விட்ட வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். இதைக் கூறி முடித்ததும், “அவர்கள் 2012இல் சொன்னதை நாம் எப்போதோ சொல்லிவிட்டோம்!” என்று ஒரு பிள்ளை கூவ, மற்றவர்கள் கைதட்டினர். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பெருமிதத்தோடு முடியும் பாடத்தில் எனக்கு என்றுமே நம்பிக்கை இருந்ததில்லை.

மறுநாள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் குறிப்பேட்டைப் படித்தாள். இடப்பக்கம் இவ்வாறு இருந்தது: வியாழன் மாலை காளைக்கன்றை வண்டியில் ஏற்றினார்கள். மாடு கயிற்றை இழுத்தது. இரவு ஒன்பது மணியிலிருந்து பத்து மணிவரை நாற்பத்தொரு முறை கத்தியது. வெள்ளிக் காலை தொட்டியில் தவிடு அப்படியே இருந்தது. பால் அரை லிட்டர்.

வலப்பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. “எழுதத் தெரியவில்லை, டீச்சர். அசோதரன் குஞ்சைத் திரும்ப விட்டுவிட்டான். எங்கள் தாத்தா விற்றுவிட்டார். எது பெரிய தப்பு?” என்றாள். அவளுடைய தாத்தா நித்திய பூஜைக்குத் தவறாமல் வருபவர். அபிடேகத்துக்கு அவர் வீட்டுப் பால்தான் வருகிறது. பிள்ளைகள் அனைவரும் என் முகத்தைப் பார்த்தனர்.

எனக்கு உடனே விடை வரவில்லை. வந்ததுபோல் நடிக்கவும் மனமில்லை. எனக்கு வந்தது ஒரு பழைய நினைவு, அதையே கூறினேன். நான் சிறுமியாயிருந்தபோது எங்கள் தொழுவத்தில் ஒரு பசுவின் கன்று இறந்துபோயிற்று. பசு பால் சுரக்க மறுத்தது. பண்ணையாள் அக்கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்து, கறக்கும் நேரத்தில் பசுவின் முன்னே நிறுத்தினான். பசு அதை நக்கியது. மடியில் பால் இறங்கியது. என் தந்தையார் தோலைக் கையால் தொடாதவர். ஆகையால் அந்த வைக்கோற்கன்று கொட்டகையின் இறவாரத்திலேயே தொங்கியது. பால் மட்டும் அடுக்களைக்கு வந்தது. நானும் குடித்தேன்.

பசுவுக்குத் தாயுள்ளம் உண்டு என்பதை எந்த ஆய்வும் எங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதை நன்கு அறிந்திருந்தமையால்தான் வைக்கோற்கன்று செய்ய முடிந்தது. அறிவு குறைவில்லை, அவ்வறிவை எதற்குப் பயன்படுத்தினோம் என்பதில்தான் சிக்கல். இதைக் கூறியபோது, முன்னாள் கைதட்டிய பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது.

அப்போது ஒருவன் யசோதர காவியத்தை நினைவூட்டினான். தாயின் சொல்லைத் தட்டமாட்டாமல் யசோதர மன்னன் மாவினாற் செய்த கோழியைப் பலியிட்டான். மாக்கோழிக்கு உணர்ச்சி ஏது? வலி ஏது? ஆயினும் அந்தச் சங்கற்பமே அவனையும் தாயையும் மயிலாகவும் நாயாகவும் பிறப்பித்தது. தாயாகிய நாயே மகனாகிய மயிலைக் கவ்வியது. பின்னரும் விலங்குப் பிறவிகள் பல தொடர்ந்தன. மேனாட்டு நூல் ‘அதற்கு வலிக்கிறதா?’ என்று கேட்கிறது. நம் நூல் அதனோடு ‘உனக்குள் என்ன நிகழ்ந்தது?’ என்றும் கேட்கிறது. வைக்கோற்கன்றை நிறுத்திய இடத்தில் இரண்டு கேள்விகளுக்கும் இடமிருக்கிறது.

அதன்பின் விவாதத்தை விட்டுக் கணக்கெடுக்கத் தொடங்கினோம். தத்துவார்த்த சூத்திரம் அகிம்சாணு விரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது: பந்தம், வதம், சேதம், அதிபாராரோபணம், அன்னபான நிரோதம். அதாவது கட்டுதல், அடித்தல், உறுப்பைத் துளைத்தல் அல்லது அறுத்தல், அளவுக்கு மிஞ்சிப் பாரமேற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். இவற்றைப் பிள்ளைகள் தேர்வுக்கு மனப்பாடம் செய்தவர்களே. ஆனால் இவை கொலையைப் பற்றியவை அல்ல, கொல்லாமல் வீட்டில் வைத்திருக்கும் உயிரைப் பற்றியவை என்பதை அன்றுதான் கவனித்தனர். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டை எண்ணிப் பார்த்து எழுதினர். குட்டையான கட்டுக்கயிறு, மூக்கணாங்கயிறு, ஆணி வைத்த தார்க்குச்சி, மண் தின்னாதிருக்கக் கன்றுக்கு மாட்டிய வாய்க்கூடை என வரிசை நீண்டது. சென்னைச் சிறுமி, தங்கள் அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் காலை எட்டு முதல் மாலை ஆறு வரை சங்கிலியில் இருக்கும் நாயைப் பந்தத்தின்கீழ் எழுதினாள். கன்று ஊட்டுவதற்கு முன்னரே ஒட்டக் கறப்பது அன்னபான நிரோதமா என்பதில் கருத்து வேற்றுமை எழுந்தது; இரு பக்கமும் நன்றாகவே வாதிட்டனர்.

பால் உண்ணலாமா என்னும் விவாதம் இப்போது நம் இளைஞரிடையே நடைபெறுவதை அறிவேன். அதை முடித்துவைப்பது என் தகுதிக்கு மேற்பட்டது. அவ்வகுப்பில் நான் அதைத் தொடவில்லை.

மூன்று நாள் கழித்து அம்மாணவியின் தாத்தா என் வீட்டிற்கு வந்தார். திண்ணையில் அமர்ந்து, “பிள்ளைகளுக்கு என்னம்மா சொல்லிக்கொடுக்கிறீர்கள்? நேற்றிலிருந்து பேத்தி பால் குடிக்கமாட்டேன் என்கிறாள்” என்றார். குரலில் கோபம் இருந்தது. “நான் பாலைப் பற்றிப் பேசவே இல்லை, ஐயா. அவள் எழுதியதைப் படித்தீர்களா?” என்றேன். படிக்கவில்லை என்றார். மறுநாள் குறிப்பேட்டைப் படித்துவிட்டு மீண்டும் வந்தார். நாற்பத்தொன்று என்னும் எண்ணைத்தான் முதலில் கூறினார். “நானும் அன்று தூங்கவில்லை, டீச்சரம்மா. ஆனால் எண்ணவில்லை” என்றார்.

பிறகு நெடுநேரம் பேசினார். அவர் தந்தையார் காலத்தில் இரண்டு காம்பு கன்றுக்கென்று விட்டுவிடுவார்களாம். சொசைட்டிக்குப் பால் ஊற்றத் தொடங்கிய பின் அது ஒரு காம்பாயிற்று. பின்னர் அதுவும் இல்லை. காளைக்கன்றைப் பற்றிக் கேட்டேன். “டிராக்டர் வந்த பிறகு காளையை வைத்து என்ன செய்வது? இரண்டு வேளை தீனிக்கு யார் கொடுப்பார்கள்?” என்றார். அதற்கு என்னிடமும் விடை இல்லை. இரண்டு காம்பு விடுவதை அன்று மாலையே மீண்டும் தொடங்கிவிட்டதாகப் பேத்தி வந்து கூறினாள். கன்று விற்பதைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறதாம். அவள் பால் குடிப்பதைப் பற்றியும்தான்.

இவ்வாறு வகுப்பு நடத்த விரும்பும் ஆசிரியைகளுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு சொல். அன்னப் பார்ப்புக் கதையை முதல் நாளில் வைக்காதீர்கள். குறிப்பேட்டில் இடப்பக்கம் எழுதப் பழகிய பின்னரே வையுங்கள். பிள்ளை கேட்கும் கேள்வி உங்கள் வீட்டுத் தொழுவத்தை நோக்கி வருமாயின், அதைத் திசை திருப்பாதீர்கள். எங்கள் வகுப்பில் அடுத்த விடுமுறைக்கு அருங்கலச்செப்பைத் தொடங்க எண்ணியிருக்கிறோம். அம்மாணவியின் குறிப்பேட்டில் அந்த வலப்பக்கம் இன்னும் வெற்றிடமாகவே உள்ளது. நிரப்பும்படி நானும் சொல்லவில்லை.