பிள்ளைக்கென்று தனிப் போன் வேண்டுமா?

1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறி, இணுவில், சுன்னாகம், மல்லாகம் பகுதிகளில் உறவினர் வீடுகளிலும் வாடகை வீடுகளிலும் நலன்புரி நிலையங்களிலும் வாழ்ந்த குடும்பங்கள் கட்டம் கட்டமாகச் சொந்தக் காணிக்குத் திரும்புகின்றன. காணி துப்புரவாக்குவது, கிணறு இறைப்பது, பிரதேச செயலகத்துக்கு அலைவது என்று பெரியவர்களுக்கு நாள் போதாது. சின்னப் பிள்ளையை ஓரிடத்தில் இருத்த இலகுவான வழி, கையில் ஒரு போனைக் கொடுப்பது. கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்த ரப்லெற் இருந்தால் அது பிள்ளையின் சொத்தாகவே ஆகிவிடும்.

இதற்காக எந்தத் தாயையும் நாங்கள் குறை சொல்லவில்லை. இணுவிலில் கூப்பிட்டால் ஓடிவர மதிலுக்கு அப்பால் ஆள் இருந்தது. திரும்பிப்போன ஒழுங்கையில் அடுத்த வளவில் இன்னும் விளக்கு எரியவில்லை. ஆனாலும் போன் வீட்டுப் போனாகவே இருக்கட்டும், சின்னப் பிள்ளைக்கென்று ஒன்று வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இரவல் பொருளைத் திருப்பிக் கேட்டால் பிள்ளை சிணுங்கிவிட்டுத் தரும். 'என்ர' என்று பழகிய பொருளைக் கேட்டால் அது பறிப்பாகத் தெரியும், வீடு ரணகளமாகும்.

ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணித்தியாலத்துக்கு மேற்படக்கூடாது, அதிலும் குறைவு நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019 இல் அறிவுறுத்தியது. அந்த வயதில் பிள்ளை பேச்சைக் கற்பது பதில் சொல்லும் மனிதரிடமிருந்து. இணுவில் தவில் வித்துவான்களின் ஊர். அங்கே சொற்கட்டைப் பிள்ளை வாயால் சொல்லும், பிழைத்தால் எதிரே இருப்பவர் உடனே திருத்துவார். 'தண்ணி' என்ற சொல்லும் அப்படித்தான் வருகிறது. போன் பிழை திருத்தாது, பிள்ளை சொன்னதைக் கேட்கவும் செய்யாது.

எங்களுக்கு அதைவிடப் பெரிய கவலை காணி பற்றியது. உங்கள் பிள்ளை இணுவில் ஒழுங்கைகளில் வளர்ந்தது. திரும்பும் ஊர் அதற்குப் புதிது. பல வருடம் ஆளில்லாத வளவுகளில் கட்டு இடிந்த கிணறுகளைக் கொடி மூடியிருக்கிறது. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் இடங்களும் உண்டு. எங்கே போகலாம், எங்கே கூடாது என்பதைப் பிள்ளை நடந்து பார்த்துப் பழக வேண்டும். போனில் கண் வைத்து நடக்கும் பிள்ளைக்குப் பலகையும் தெரியாது, பள்ளமும் தெரியாது. போன வாரம் வந்த குடும்பமானால், இந்த வாரமே பின்னேரங்களில் அம்மம்மாவோடு பிள்ளையை அனுப்புங்கள், அவர் எல்லை வேலியையும் கிணறுகளையும் பழைய வீட்டு அத்திவாரத்தையும் காட்டட்டும். துப்புரவாக்கிய பாதையை விட்டு இறங்க வேண்டாம் என்று இருவருக்கும் சொல்லுங்கள். அந்த வளவுகளை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இப்போது வயது போய்விட்டது.

மாமா கோபிப்பாரோ என்ற தயக்கம் பலருக்கு இருக்கிறது. அவர் அனுப்ப முன்னரே கதையுங்கள்: பிள்ளைக்குச் சைக்கிள் என்றால் சந்தோஷம், ரப்லெற் என்றால் அது முழு வீட்டுக்கும். ஞாயிறுகளில் எல்லோரும் சேர்ந்திருந்து அதிலேயே அவருக்கு வீடியோ அழைப்பு எடுங்கள். முகம் பார்த்துக் கதைப்பது வேறு கணக்கு, அதைக் குறைக்க வேண்டியதில்லை.

மூத்த பிள்ளைக்குப் பாடத்துக்குப் போன் தேவைப்படலாம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது அந்தப் பழக்கம் வந்தது, தம்பி தங்கைகளும் பக்கத்தில் இருந்து பழகிக்கொண்டார்கள். பாடம் முடிந்ததும் போன் அலுமாரிக்குப் போகட்டும். வட்ஸ்அப், முகநூல் கணக்குக்கு அந்த நிறுவனங்களே 13 வயது என்று எல்லை வைத்திருக்கின்றன.

தற்காலிகக் கொட்டிலில் இருப்பவர்கள் பாயிலோ தலையணைக்குக் கீழோ போனைச் சார்ஜில் போட வேண்டாம். பற்றரி ஊதியிருந்தால் அந்தப் போனைப் பிள்ளை தொடவே கூடாது. தறப்பாள் தீப்பிடித்தால் அணைக்க நேரம் கிடைக்காது.

போனைக் குறைத்த முதல் சில நாட்கள் அழுகை இருக்கும். அந்த நேரத்துக்கு ஒரு வாளித் தண்ணீரும் இரண்டு சிரட்டையும் மண்ணும் கொடுத்துப் பாருங்கள், நீங்கள் புல்லுச் செருக்கும் இடத்தில் கண்ணுக்கெட்டும் தூரத்தில். போன் வழியாகப் பிள்ளையிடம் யாராவது படம் கேட்டால், மிரட்டினால், பிள்ளையை அடிக்காதீர்கள், செய்தியை அழிக்காதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு இரவிலும் அழைக்கலாம்.