கிரிக்கெட் நூலும் கையெழுத்தும் சேர்க்கத் தொடங்கும் கண்டிப் பிள்ளைகளுக்கு

கையெழுத்துப் போட்ட மட்டை ஒன்றைச் சுவரில் மாட்டினால் சேகரிப்பாளராகிவிடலாம் என்று வருகிற தம்பி தங்கச்சிமாருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் கடதாசியைச் சேருங்கள். மட்டை பொய் சொன்னால் கண்டுபிடிக்கக் கடதாசிதான் உதவும்.

1. எல்லையைச் சுருக்குங்கள். அஸ்கிரிய மைதானம் ஒன்றே பல ஆண்டு வேலை. 1983 இல் அவுஸ்திரேலியாவுடன் நடந்த முதல் டெஸ்ட், 1996 மார்ச் 6 இல் கென்யாவுக்கு எதிராக இலங்கை குவித்த 398 ஓட்டங்கள், 2007 டிசம்பரில் கொலிங்வுட்டை வீழ்த்தி முரளி வோர்னைத் தாண்டிய 709ஆவது விக்கெட் என்று வரிசையாகத் தேடலாம். நுழைவுச்சீட்டு, ஓட்டப் பட்டியல், மறுநாள் பத்திரிகை எல்லாமே சேர்க்க வேண்டியவை.

2. பாடசாலைப் போட்டிகளுக்கு வெளியிடும் நினைவு மலர்களை விடாதீர்கள். திரித்துவக் கல்லூரிக்கும் புனித அந்தோனியார் கல்லூரிக்குமான போட்டி 1914 இலும், கிங்ஸ்வூட் – தர்மராஜா போட்டி 1893 இலும் தொடங்கியவை. போட்டி முடிந்ததும் மலரைத் தூக்கி எறிந்துவிடுகிறோம். அதனாலேயே பழைய மலர் கிடைப்பது அரிது. 1980களின் இறுதியில் வந்த அந்தோனியார் மலர்களில் முரளியையும், 1990களின் திரித்துவ மலர்களில் சங்கக்காரவையும் தேடிப் பாருங்கள்.

3. வாங்குமுன் வாசியுங்கள். எஸ். எஸ். பெரேராவின் ‘ஜனசக்தி’ இலங்கை கிரிக்கெட் நூல் 1832 முதல் 1996 வரை பேசுகிறது. அதற்கு முன் 1924 இல் வந்தது போனாண்டரின் நூல். 1947 இல் சேப்பாக்கத்தில் இலங்கை வீரர் சதாசிவம் அடித்த 215 எவ்வளவு பெரிய காரியம் என்பது டெஸ்ட் தகுதிக்கு முந்திய அந்த வரலாறு தெரிந்தால்தான் விளங்கும். விஸ்டன் என்னும் கிரிக்கெட் ஆண்டு நூல் வேண்டுமானால் 1999 ஆம் ஆண்டு இதழில் தொடங்குங்கள். முரளியும் அர்ஜுன ரணதுங்கவும் ஆண்டின் ஐந்து வீரர்களில் இடம்பெற்றது அதில்தான்.

4. பதிப்பைப் பாருங்கள். பழைய விஸ்டன்களுக்கு மறுபதிப்புகள் உண்டு. பதிப்பாண்டு, பக்க எண், மேலுறை மூன்றையும் கடையிலேயே சரிபாருங்கள். கிழிந்த மேலுறையையும் எறிய வேண்டாம்.

5. கையெழுத்தைச் சந்தேகியுங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சு. பேனையின் கோடு அழுத்தத்துக்கேற்பத் தடித்தும் மெலிந்தும் ஓடும். ஆண்டையும் பொருத்திப் பாருங்கள்: 1996 உலகக் கிண்ண அணி மட்டை என்று காட்டுவார்கள், அதில் சங்கக்காரவின் பெயர் இருக்கும். அவர் இலங்கை அணிக்கு வந்ததே 2000 இல்தான்.

6. வந்த வழியை எழுதி வையுங்கள். யாரிடம், எங்கே, எப்போது பெற்றீர்கள் என்று தனித் தாளில் பென்சிலால் எழுதிப் பொருளோடு வையுங்கள். பற்றுச்சீட்டையும் சேருங்கள். பொருளின் மேல் எதுவும் எழுதாதீர்கள்.

7. ஈரத்துக்கு அஞ்சுங்கள். ஒக்டோபர், நவம்பர் மழையில் பூஞ்சணம் பிடிக்கும். கறையானும் வெள்ளிப்பூச்சியும் எப்போதும் உண்டு. அலுமாரியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, வெயில் குறைந்த வரண்ட நாளில் திறந்து காற்றாட விடுங்கள். கையெழுத்தில் வெயில் படக்கூடாது, மை வெளிறும். லாமினேட் செய்வதும் செலோடேப் ஒட்டுவதும் கொலைக்குச் சமம்.

8. கேட்கும் முறை அறிந்து கேளுங்கள். பல்லேகலயில் பயிற்சி முடித்து வருபவரிடம் ஒரேயொரு பொருளை, மூடி கழற்றிய பேனையோடு நீட்டுங்கள். மறுத்தால் நன்றி சொல்லி விலகுங்கள்.

9. பட்டியல் எழுதி வீட்டாரிடம் கொடுங்கள். எது என்ன, என்ன விலை, எந்தப் பாடசாலைக்கோ நூலகத்துக்கோ போக வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். இல்லாவிட்டால், நீங்கள் ஆயுள் முழுக்கச் சேர்த்ததைப் பழைய கடதாசி வாங்குபவர் கிலோக் கணக்கில் நிறுத்துக்கொண்டு போவார்.