சேற்றில் வாழும் கிருமி கண்ணையும் தாக்கும்
நீரிழிவு உள்ள விவசாயிகள் கவனத்திற்கு

திருவள்ளூர் மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் விவசாயிகள் நாள் முழுவதும் சேற்றிலும் தண்ணீரிலும் நின்று வேலை செய்கின்றனர். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து வந்து வயலில் இறங்குவோரும் உண்டு. இவர்கள் கண் வீங்கினால் பட்டறைத் தூசி விழுந்திருக்கும் என்று எண்ணி, கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக் கொள்வது வழக்கம். இது சில சமயம் ஆபத்தில் முடியும்.

மெலியாய்டோசிஸ் என்பது ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பாக்டீரியாவால் வரும் நோய். இதை 1912ல் ரங்கூனிலிருந்து விட்மோர், கிருஷ்ணசாமி என்ற இரு மருத்துவர்கள் முதன்முதலில் விவரித்தனர். தமிழகத்தில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்நோயாளிகள் பலர் கண்டறியப்பட்டுள்ளனர். கிருமி தோலில் உள்ள காயம், மூச்சுக்காற்று, அசுத்த நீர் ஆகியவற்றின் வழியாக உடலில் புகுகிறது. பெரும்பாலும் நுரையீரல், ஈரல், மண்ணீரல், மூட்டு ஆகியவற்றில் சீழ் கட்டும். அரிதாகக் கண்குழியையும் தாக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கே இந்நோய் அதிகம் வருகிறது.

அறிகுறிகள்

இமை வீங்கிச் சிவத்தல், கடும் வலி, விழி முன்னுக்குப் பிதுங்குதல், விழியை அசைக்க இயலாமை, பார்வை மங்குதல், காய்ச்சல். சாதாரணக் கண்வலியில் விழி பிதுங்காது. பிதுங்கினால் ஒரு நாளும் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் பார்வை போகலாம். கிருமி இரத்தத்தில் பரவினால் உயிருக்கும் ஆபத்து.

சிகிச்சை

வயலில் சேற்று வேலை செய்வதையும், சர்க்கரை வியாதி இருப்பதையும் மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். இந்நோய் காசநோய் போலவும் தோன்றும் என்பதால் சீழையும் இரத்தத்தையும் கல்ச்சர் பரிசோதனை செய்தே உறுதி செய்கின்றனர். பென்சிலின், ஜென்டாமைசின் போன்ற வழக்கமான மருந்துகள் பொதுவாக இதற்குப் பலன் தருவதில்லை. தகுந்த ஊசி மருந்தை இரண்டு வாரமோ அதற்கு மேலோ நரம்பு வழியாகச் செலுத்திய பின், குறைந்தது 3 மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். வீக்கம் வடிந்துவிட்டதென்று இடையில் நிறுத்தினால் நோய் திரும்ப வரும்.

தடுப்பு முறைகள்

1. கால், கையில் காயமிருந்தால் ஆறும்வரை சேற்றில் இறங்கக் கூடாது. தவிர்க்க முடியாவிடில் நீர் புகாத கட்டுப் போட்டு, ரப்பர் பூட்ஸ், கையுறை அணிய வேண்டும்.

2. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வாய்க்கால் நீரில் முகம் கழுவக் கூடாது.

3. குடிநீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடிக்க வேண்டும்.

4. கண்ணில் பச்சிலைச் சாறு, தாய்ப்பால் விடக் கூடாது.

5. இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைப் பரிசோதித்துக் கொள்ளலாம்.

நடவுக்கு முன் விதையைச் சோதிக்கும் விவசாயி, சேற்றில் இறங்குமுன் தம் சர்க்கரை அளவையும் சோதித்துக் கொள்வது நல்லது.