ஓவியக் கல்லூரியும் கல்லாப்பெட்டியும்

நம்பிக்கை: ஓவியம் படித்தவர்களுக்கு வியாபாரம் வராது.

உண்மை: பிள்ளை ஓவியக் கல்லூரியில் சேரப் போகிறேன் என்றதும், “படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?” என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரையும் இதே கேள்விதான் வாட்டியது. படித்து வெளியேறிய மாணவர்கள் பிழைப்புக்காக வேறு வேலை தேடிப் போய், வரைவதையே விட்டுவிடுகிறார்களே என்று அவர் கவலைப்பட்டார். அவரும் மாணவர்களும் சேர்ந்து கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்து, பாட்டிக் துணிகள் செய்து விற்றார்கள். உருக்கிய மெழுகால் துணியில் வரைந்து சாயத்தில் முக்கினால், மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. கோட்டையும் வண்ணத்தையும் பழகிய கைகளுக்கு ஏற்ற தொழில் அது. அந்த வருமானத்தைக் கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. எந்தப் புரவலரின் தயவுக்காகவும் அவர்கள் காத்திருக்கவில்லை. விற்கக்கூடிய பொருளைக் கண்டுபிடித்து, வாங்குவோரைத் தேடி, வந்த பணத்தைச் சேர்த்து முதலாக்கினார்கள். தொழில்முனைவு என்று நாம் சொல்வதும் இதைத்தானே?

நம்பிக்கை: கலைப்பள்ளிக்கும் தொழில்துறைக்கும் சம்பந்தமில்லை.

உண்மை: இதே சென்னை ஓவியக் கல்லூரியை 1850இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர். கைத்தொழில் பயிற்சியும் அவர் திட்டத்தில் இருந்தது. 1898இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் அங்கேதான் அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். பிறகு அது தனியார் நிறுவனத்தின் கைக்குப் போனது. நம் அடுப்படி அலுமினியச் சட்டியின் வரலாற்றில் ஓர் ஓவியப் பள்ளிக்கும் பங்கு உண்டு!

நம்பிக்கை: கலை படித்தால் போதும், தொழில் தானாக அமையும்.

உண்மை: அண்மைக் காலத்தில் பரவிவரும் இந்த நம்பிக்கைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. தங்குமிடங்களை வாடகைக்கு ஏற்பாடு செய்யும் ஏர்பிஎன்பி நிறுவனத்தின் நிறுவனர்களில் இருவர் ரோட் ஐலண்ட் வடிவமைப்புக் கல்லூரியில் படித்தவர்கள் என்பதை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். மூன்றாமவர் கணினி அறிவியல் படித்தவர் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். நம் ஓவியர் ரவிவர்மாவும் தொழிலில் இறங்கி, 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் வீட்டுக்கு வீடு பூஜையறை ஏறினார்கள். ஆனாலும் கடன் நெருக்கியதால் அச்சகத்தை ஷ்லைஷர் என்ற ஜெர்மானியத் தொழில்நுட்ப வல்லுநரிடம் விற்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும் அச்சகம் பல ஆண்டுகள் ஓடியது.

கலைப்பயிற்சி கூர்ந்து பார்க்கக் கற்றுத்தருகிறது. பிடிக்காததை அழித்துவிட்டு மறுபடி தொடங்கும் துணிவையும், பலர் முன்னால் விமர்சனத்தைக் கேட்கும் பொறுமையையும் தருகிறது. தொழிலுக்கு இவை பெரிய பலம். ஆனால் கூலி, பொருள், நேரம் மூன்றையும் கணக்கிட்டு விலை வைக்க அது கற்றுத்தருவதில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் பதிப்புரிமை யாருக்குப் போகிறது என்று பார்க்கவும் யாராவது சொல்லித்தர வேண்டும். ஓவியக் கல்லூரிகளின் இறுதி ஆண்டில் இந்த இரண்டுக்கும் ஒரு தாள் ஒதுக்கினால், மாணவர்கள் தங்கள் முதல் ஓவியத்தையே அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு நிற்க மாட்டார்கள்.