நின்றுவிட்ட நெஞ்சுவலியை நம்பலாமா?



"சுபுஹு தொழுகைக்கு நடந்து போகும்போது நெஞ்சை அழுத்துச்சு. கொஞ்சம் நின்னேன், சரியாப் போச்சு. வாயுவாத்தான் இருக்கும்." நம் வீட்டுப் பெரியவர்கள் இப்படிச் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். வலி நின்றதும் நாமும் மறந்துவிடுகிறோம். ஆனால் வலி நின்றதாலேயே ஆபத்து நீங்கிவிடாது.

இதயத்தில் நடப்பது என்ன?

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்பவை கொரோனரி தமனிகள். இவற்றின் உட்சுவரில் பல ஆண்டுகளாகக் கொழுப்பு படிகிறது. குழாய் குறுகியபின், நடக்கும்போது இதயத்துக்குத் தேவையான கூடுதல் இரத்தம் கிடைக்காமல் வலிக்கிறது, ஓய்வெடுத்தால் அடங்குகிறது. மாதக்கணக்கில் ஒரே அளவில் வந்து போகும் இவ்வலி நிலையான ஆஞ்சைனா.

சில நேரம் அந்தக் கொழுப்புப் படிவின் மேலுறை கிழிந்து, அங்கே இரத்தம் உறையத் தொடங்கும். அடைப்பு திடீரெனக் கூடும். பெரும்பாலும் இப்படி உண்டாவதுதான் நிலையற்ற ஆஞ்சைனா. உறைகட்டி குழாயை முழுதாக அடைத்தால் மாரடைப்பு.

அடையாளங்கள்

1. இதுவரை இல்லாத வலி கடந்த 2 மாதங்களுக்குள் தொடங்கி, சிறிது தூரம் நடந்தாலே வருவது.
2. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வருவது.
3. பழைய வலி முன்பைவிட அடிக்கடி, அதிக நேரம், சிறு வேலைக்கே வருவது.

வலி இடது கை, தாடை, முதுகுக்கும் பரவலாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறல், வியர்வை, அசதி மட்டும் வரலாம்.

"ஈசிஜி நார்மல்தானே?"

வலி இல்லாத நேரத்தில் எடுத்த ஈசிஜி சரியாகவே இருக்கலாம். தசை சேதத்தைக் காட்டும் டிரோபோனின் இரத்தப் பரிசோதனையும் நிலையற்ற ஆஞ்சைனாவில் உயராது. ஆகவே, வலி எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று நாம் சொல்லும் விவரமே மருத்துவருக்கு முக்கியம். எதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

"முதல் தடவைதானே" என்றும் அலட்சியம் வேண்டாம். முதல் வலியோடு வருபவர்களில் சிலருக்கு ஒரு குழாயில் மட்டும் அடைப்பு இருக்கும். சிலருக்கு மூன்றிலும் இருக்கும். ஆஞ்சியோகிராம் அதைக் காட்டும். மாத்திரை போதுமா, ஸ்டென்ட் வேண்டுமா, பைபாஸ் தேவையா என்பது அதன்பிறகே தெரியும்.

நாம் செய்ய வேண்டியவை

வலி வந்தால் உடனே உட்கார வைத்து 108-ஐ அழையுங்கள். நோயாளி தானே வண்டி ஓட்டக் கூடாது. ஆஸ்பிரின் ஒவ்வாமையோ இரத்தக்கசிவோ உள்ளதா என்பதைச் சொல்லி, மருத்துவ ஆலோசனைப்படி மாத்திரை கொடுங்கள். பக்கத்து வீட்டாரின் சார்பிட்ரேட்டை வாங்கி நாக்கடியில் வைக்க வேண்டாம். இரத்த அழுத்தம் சரிந்துவிடலாம். தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் முதல்கட்ட மாத்திரைகள் தரப்படுகின்றன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எளிதில் எடுக்கும் இடத்தில் வையுங்கள்.

ஸ்டென்ட் வைத்தவர்கள் ரமலானிலும் தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்றிரவு சாப்பிட உட்காரும்போது வாப்பாவிடமும் உம்மாவிடமும் ஒன்று கேளுங்கள்: "நடக்கையில நெஞ்சு அழுத்துதா? எப்பலேர்ந்து?" "இப்பத்தான், ஒரு மாசமா" என்று பதில் வந்தால், விடியும் வரை காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.