சேர்ந்த கல்லூரியை மூடுகிறார்கள்: மகளின் படிப்புக்குச் செலவு கூடாத வழி என்ன?

கேள்வி: நாங்கள் ஜவ்வாதுமலையில், ஜமுனாமரத்தூரை அடுத்த ஒரு சிற்றூரில் இருக்கிறோம். மலையாளி பழங்குடி வகுப்பு. மகள் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் பிளஸ் டூ முடித்து, மலைக்குக் கீழே ஒரு சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரியில் நேரடியாக பி.காம். சேர்ந்தாள். முதலாண்டுக் கட்டணம் முழுவதையும் கட்டிவிட்டோம். வகுப்பு தொடங்கிய சில நாட்களிலேயே, ஆள் சேரவில்லை, கல்லூரியை மூடுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். வெளியூரில் இருக்கும் அவர்களுடைய இன்னொரு கல்லூரிக்குக் கூடுதல் பணம் கட்டிப் போகலாமாம். போகாவிட்டால் கட்டிய பணம் திரும்பாதாம். ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது. அரசுக் கல்லூரியில் கேட்டால் சேர்க்கை முடிந்துவிட்டது என்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

பதில்: முதலில் ஒன்று. அந்த இன்னொரு கல்லூரிக்குப் போகச் சம்மதம் என்று எந்தத் தாளிலும் நீங்களோ மகளோ கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்கு மலிவான மாற்று இடம் அந்த நிர்வாகத்தின் கையில் இல்லை. அரசுக் கல்லூரியிலும் அரசு உதவி பெறும் கல்லூரியிலும்தான் இருக்கிறது. கட்டிய பணம் தனி வழக்கு. அது இரண்டு மாதம் கழித்துக்கூட வரலாம். படிப்புக்கான இடம் அப்படிக் காத்திருக்காது. பணத்தையும் இடத்தையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டால் நிர்வாகத்துக்கு வசதி, உங்களுக்கு இரட்டை நஷ்டம். ஆகவே இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

கல்லூரியைத் திறப்பது எப்படி நிர்வாகத்தின் சொந்த விருப்பம் மட்டும் இல்லையோ, மூடுவதும் அப்படித்தான். 1976ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, உரிய அதிகாரிக்கு முன்னறிவிப்புத் தராமலும், படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களின் கல்வி தொடர ஏற்பாடு செய்யாமலும் ஒரு கல்லூரியையோ அதில் ஒரு வகுப்பையோ மூடக்கூடாது. தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு வைத்திருக்கும் விதியும் இதே நியாயத்தில் எழுந்தது. படிப்படியாக மூடுவதென்றால் முதலாண்டுச் சேர்க்கையை மட்டும் நிறுத்திவிட்டு, ஏற்கெனவே சேர்ந்தவர்களைக் கடைசி ஆண்டு வரை படிக்கவைக்க வேண்டும். ஒரேயடியாக மூடுவதென்றால் பல்கலைக்கழகத்தின் இசைவும் அரசின் இசைவும் தேவை. 2016 ஜனவரியில் கள்ளக்குறிச்சி அருகே ஒரு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியின் மூன்று மாணவிகள் கிணற்றில் இறந்துகிடந்த பிறகு அந்தக் கல்லூரி மூடப்பட்டது. மற்ற மாணவர்கள் வேறு கல்லூரிகளுக்கு மாற்றப்பட்டார்கள். அந்த அளவு துயரமும் போராட்டமும் நடந்தால்தான் அரசு அசைய வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வாய்வார்த்தையாக மூடல் செய்தி வந்தவுடனேயே பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரிக் கல்வித் துறைக்கும் பொறுப்பு தொடங்கிவிடுகிறது. உங்கள் பகுதிக்கு அவை வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகமும், வேலூர் மண்டலக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகமும்.

நிர்வாகம் காட்டும் இன்னொரு கல்லூரியை ஏன் வேண்டாம் என்கிறேன்? இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி, இரு தரப்பும் சம்மதித்துப் பழைய ஒப்பந்தத்தின் இடத்தில் புதியதை வைத்துவிட்டால், பழையதை நிறைவேற்ற வேண்டியதில்லை. நீங்கள் போடும் ஒரு கையெழுத்து, பழைய கட்டணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமையைக் கைவிட்டதாக நாளை வாதாட இடம் கொடுத்துவிடும். அதோடு அங்கேயும் உங்கள் மகள் நேரடிச் சேர்க்கையாக, அதாவது நிர்வாக ஒதுக்கீட்டில்தான் கணக்கில் வருவாள். ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளைக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. சுயநிதிக் கல்லூரியின் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்க வழிசெய்த 2012ஆம் ஆண்டின் 92ஆம் எண் அரசாணையும் இருக்கிறது. ஆனால் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு இந்த உதவி மறுக்கப்படுவது வழக்கமாகிவிட்டது. மலிவு என்று சொல்லிக் காட்டப்படும் இடத்தில் இந்தக் கதவு அடைபட்டால், மூன்று ஆண்டுக் கட்டணமும் விடுதிச் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

இப்போது அரசுக் கல்லூரியின் கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் 2007ஆம் ஆண்டிலிருந்தே இல்லை. சிறு சிறு இதரக் கட்டணங்கள்தான். பழங்குடி மாணவிக்கு அதன்மேல் உதவித்தொகையும், இடம் கிடைத்தால் அரசு விடுதியும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு, 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் சேரும். பழங்குடியினர் நலப் பள்ளியும் இதற்கு அரசுப் பள்ளிதான். திருவண்ணாமலையில் கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. திருப்பத்தூர்ப் பக்கம் இறங்குவீர்கள் என்றால், 1951இல் தொடங்கிய தூய நெஞ்சக் கல்லூரி இருக்கிறது. அங்கே விசாரிக்கும்போது அரசு உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஒரே வளாகத்துக்குள் இரண்டுக்கும் கட்டண வித்தியாசம் பெரிது. தினமும் மலையிறங்கி ஏறிப் படிக்க முடியாத பெண்ணுக்கு விடுதிதான் உண்மையான கட்டணம் என்பதால், சேர்க்கை மனுவோடு சேர்த்தே விடுதி மனுவையும் கொடுங்கள். ஜவ்வாதுமலைக்கான ஒருங்கிணைந்த பழங்குடியினர் வளர்ச்சித் திட்ட அலுவலருக்கும் ஒரு நகல் போகட்டும்.

சேர்க்கைதான் முடிந்துவிட்டதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, இதில் உங்களுக்குப் பொய்யான நம்பிக்கை தர விரும்பவில்லை. பல்கலைக்கழகம் வைத்த கடைசி நாள் தாண்டிய பிறகு ஒரு கல்லூரி முதல்வர் தாமாகச் சேர்த்துக்கொள்ள முடியாது. கவுண்டரில் கேட்டு வரும் பதில் பெரும்பாலும் அதோடு நின்றுவிடுவதும் அதனால்தான். ஆனால் உங்கள் மகள் தாமதமாக விண்ணப்பித்தவள் அல்ல. உரிய காலத்தில் இணைப்புப் பெற்ற ஒரு கல்லூரியில் சேர்ந்து, தன் தவறு ஏதும் இல்லாமல் இடத்தை இழந்தவள். இவளைப் புதிய சேர்க்கையாகப் பார்க்கக் கூடாது, கல்லூரி மாற்றமாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் உங்கள் வாதம். இதை எழுத்தில், துணைவேந்தருக்கும் இணை இயக்குநருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். காலியிடம் இருந்தால் அதிலும், இல்லாவிட்டால் கூடுதல் இடம் உருவாக்கியும் சேர்க்கும்படி கேளுங்கள். உங்கள் மகளைப் போலப் பாதிக்கப்பட்ட மற்ற மாணவர்களும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுத்தால் அதைத் தள்ளிவைப்பது கடினம். பதில் வராவிட்டால் அரசியல் சாசனத்தின் 226ஆம் பிரிவில் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகலாம். கடைசி நாளைத் தளர்த்துவதில் நீதிமன்றங்கள் தயங்கும் என்பது உண்மை. அந்தத் தயக்கம் ஒவ்வொரு வாரமும் கூடும், ஆகவே மனுவின் தேதி உங்களுக்கு முக்கியம். இந்த ஆண்டு எங்கும் இடமில்லை என்றே ஆகிவிட்டால், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் ஜனவரியில் சேரும் வழி இருக்கிறது. ஆனால் தொலைநிலைப் படிப்புக்குப் புதுமைப் பெண் உதவி கிடையாது. அதைக் கடைசி வழியாக வையுங்கள்.

சான்றிதழ்களை வைத்துக்கொண்டு பேரம் பேசுவது சட்டவிரோதம். ஒரிஜினலைச் சரிபார்த்து உடனே திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. மாணவரின் சான்றிதழ் அடமானப் பொருள் அல்ல என்பதைச் சென்னை உயர் நீதிமன்றமும் பலமுறை சொல்லியிருக்கிறது. இருந்தும் அவற்றுக்காக வீட்டிலேயே காத்திருக்க வேண்டாம். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் டிஜிலாக்கரில் கிடைக்கும். இ-சேவை வழியாகப் பெற்ற சாதிச் சான்றிதழை மறுபடி பதிவிறக்கிக்கொள்ளலாம். கல்லூரியிடம் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டியது டி.சி. இன்னொன்றும் இருக்கிறது: கல்லூரி மாணவர் விவரங்களைப் பதிவுசெய்யும் அரசின் யூமிஸ் தளத்தில் மகளின் பெயர் பழைய கல்லூரியில் பதிவாகியிருந்தால் அதை விடுவிக்கச் சொல்லுங்கள். இதை மறந்துவிட்டால் புதிய கல்லூரியில் உதவித்தொகை முடங்கக்கூடும்.

கட்டணம் திரும்பாது என்று ரசீதிலேயே அச்சிட்டிருக்கிறார்களே என்பது அடுத்த தடை. அந்த வாசகம் அதிகபட்சம், தானாக விலகும் மாணவரைப் பற்றியது. இங்கே மாணவி விலகவில்லை, கல்லூரிதான் விலகியிருக்கிறது. தானாக விலகும் மாணவருக்கே கட்டணத்தைத் திருப்பித் தர மானியக் குழு கால அளவு வைத்திருக்கும்போது, பாடமே நடத்தாமல் மூடுகிறவர் முழுத்தொகையையும் வைத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை. ஒப்பந்தம் செல்லாமல் போனால் அதன்கீழ் பெற்ற பயனைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 65ஆம் பிரிவு. கல்லூரியை நடத்தும் அறக்கட்டளையில் பணமே இல்லை என்று சொல்வார்கள். இணைப்புக்காகக் கல்லூரி கட்டிய வைப்புத்தொகையை விடுவிக்கும் முன் மாணவர் பாக்கியைத் தீர்க்கச் சொல்லிப் பல்கலைக்கழகத்திடம் இப்போதே எழுதிவையுங்கள்.

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகும்படி பலர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். விநாயகா மிஷன்ஸ் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் 2020 ஜனவரியில், கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது. அந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கும் நிலையில், அந்த வழியில் உங்கள் பணத்தையும் காலத்தையும் போட வேண்டாம். மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளின்படி கட்டணத்தைத் திருப்பித் தராததும் சான்றிதழைப் பிடித்துவைப்பதும் குறைகளே. முதலில் குறைதீர்ப்புக் குழுவிடமும், பிறகு பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடமும் போகலாம். அதிலும் தீராவிட்டால் மூன்று ஆண்டுக்குள் உரிமையியல் வழக்கு.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்பது உங்களுக்குத் தடையே அல்ல. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உரிமையைத் தருகிறது. உங்கள் மகளுக்கு இரண்டு தகுதியும் உண்டு. கட்டண ரசீது, சேர்க்கைச் சீட்டு, மூடல் பற்றி வந்த குறுஞ்செய்தி எதுவானாலும் எடுத்துக்கொண்டு, இந்த வாரத்துக்குள் திருவண்ணாமலை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு மகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். அதற்கு முன் பேச வேண்டுமானால் 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.